கழுவாதது

கடல்பாசி காய்ச்சுவதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை, மேடம். ஊறவைத்து, அடுப்பில் கரைத்து, பாலும் ரோஸ் சிரப்பும் ஊற்றித் தட்டில் பரப்பினால் போதும். ஃப்ரிட்ஜ்கூட வேண்டாம், தானாகவே உறைந்துவிடும். நோன்பு மாதம் முழுக்க எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு தட்டு இருக்கும். பேரீச்சம்பழத்துக்கு அடுத்தபடியாக அத்தாவின் கை போவது அதில்தான். அவருக்குச் சர்க்கரை வந்த பிறகு இனிப்பில்லாமல் ஒரு கிண்ணம் தனியாகக் காய்ச்சுகிறேன்.

சம்பந்தமில்லாமல் சமையல் குறிப்பு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நேற்று ஸ்டேஷனில் நீங்கள் என் மருந்தை ஜெல்லி என்றீர்கள். உங்கள் ரைட்டர் ஒரு படி மேலே போய்ப் பசை என்று எழுதினார். நான் திருத்தினேன், அவர் சிரித்தார். பதினோரு வருடம் ஒரு பொருளோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது எரிச்சலாக இருக்காதா? அது ஜெல். கடலில் வளரும் பழுப்புப் பாசியிலிருந்து எடுப்பது. அதனால்தான் கைப்பட நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லி பேப்பர் கேட்டேன்.

என் பெயர் ரூபினா. அத்தா என்று நான் சொன்ன அப்துல் லத்தீபின் மகள். வயது நாற்பத்துமூன்று. உயிர்வேதியியலில் பிஎச்.டி. காளவாசல் பக்கம் சர்க்கரைப் புண்ணுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் பொறுப்பு. அதன் பெயரை நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டுவிட்டீர்கள். நான் மறுபடி எழுதி அவர்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். "தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?" இப்படி ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அறிவியலில் ஒரு அடிகூட நகர முடியாது, மேடம். தெரிந்திருந்தால் எதற்குச் சோதனை? தெரியாததால்தான் செய்தேன். இதை உங்கள் ரைட்டர் எழுதவே இல்லை.

புரியும்படி சொல்கிறேன். மண்டபம் பக்கத்துக் கடலில் கட்டக்கோரை என்று ஒரு பாசி கிடைக்கும். காயவைத்து மூட்டையில் எனக்கு பஸ்ஸில் வரும். அதைக் கழுவி, சோடாவில் கரைத்து, வடிகட்டி எடுத்தால் இரண்டு நாளில் ஜெல் கிடைத்துவிடும். புண்ணில் வைத்தால் நீரை உறிஞ்சும், ஈரத்தையும் காக்கும், பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு பிய்க்கும்போது உயிர் போகாது. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. பாசியில் வாழ்ந்த கிருமிகள் செத்தாலும் அவற்றின் தோல் துணுக்குகள் ஜெல்லில் தங்கிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. திருடன் ஓடிப்போன பிறகும் வாசலில் கிடக்கும் அவன் செருப்பைப் பார்த்துவிட்டுத் தெருவே கம்போடு ஓடிவருமே, அந்த மாதிரி நம் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அந்தத் துணுக்கைப் பார்த்ததும் திரண்டு வரும். கால் சிவக்கும், வீங்கும், சூடாகும். இருக்கிற நல்ல சதையையும் சேர்த்து அடித்து நொறுக்கும்.

அந்தத் துணுக்குகளை நீக்க நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். கரியில் வடித்து, சாராயத்தில் அலசி, மறுபடி அலசி, மொத்தம் ஒன்பது நாள். இப்படி அலசிய ஜெல்லைப் பார்த்து எதிர்ப்புச் செல்கள் சண்டைக்கு வருவதில்லை. புண்ணைச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் பார்க்கின்றன. இது என் வாழ்நாள் வேலை.

இதைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழ்களுக்கு நான்கு தடவை அனுப்பினேன். நான்கு தடவையும் திரும்பி வந்தது. பெயர் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வி கேட்டார். கன்ட்ரோல் எங்கே? அதாவது, ஒன்பது நாள் அலசாத ஜெல்லை வைத்தால் என்ன ஆகும் என்று காட்டாமல், அலசியதால்தான் நல்லது நடந்தது என்று எப்படி நம்புவது? நியாயமான கேள்விதான். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அநியாயமான கேள்வி என்றால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

முதலில் எலியில்தான் செய்தேன். சித்திரை வெயிலில் கரண்ட் போய் நாற்பத்தெட்டு எலியும் ஒரே மத்தியானத்தில் செத்தன. மறுபடி எலிக்கு அனுமதி கேட்டேன். பதினான்கு மாதம் ஒரு காகிதமும் வரவில்லை. போன் செய்தால் மீட்டிங் நடக்கவில்லை என்பார்கள். நடந்தால் கோரம் இல்லை, ஆள் போதவில்லை என்பார்கள். இதே பதினான்கு மாதமும் காளவாசலில் தினம் அறுபது பேர் காலில் ஓட்டையோடு டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எலிக்கு இருக்கிற பாதுகாப்பை எண்ணி எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நோயாளிகளுக்கே வைத்துப் பார்க்கலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவர் ஸ்கேன் பார்த்துக்கொண்டே, "இயற்கையானதுதானே?" என்றார்.

"கடல்பாசி, சார்."

"நோன்புக்குச் செய்வீங்களே, அதுவா?"

"அந்தக் குடும்பம்தான், சார்."

அறிவியல்படி அது சிவப்புப் பாசி, இது பழுப்புப் பாசி. இரண்டும் ஒன்றுக்கொன்று தாயாதிகூட இல்லை. ஆனால் நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல்லை நான் உண்டாக்கவில்லை. டாக்டர் தலையாட்டினார். டிரெஸ்ஸிங் பொருள் என்ற கணக்கில் ஜெல் உள்ளே வந்தது.

இருபது பேர். இருபது சீட்டு. பத்தில் கழுவினது என்றும் பத்தில் கழுவாதது என்றும் என் கையெழுத்தில் எழுதி, மடித்து, பேரீச்சம்பழ டப்பாவில் போட்டேன். வருகிறவர்கள் தங்கள் கையாலேயே எடுத்துப் பிரிக்காமல் என்னிடம் கொடுப்பார்கள். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். யாருக்கு எது என்று நான் முடிவு செய்தால் அது சோதனை ஆகாது, ஓரவஞ்சனை ஆகிவிடும். நோட்டில் பதினொன்றாம் எண்ணைச் சிவப்பு மையில் அடித்திருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். மீதிப் பத்தொன்பது பேரின் அளவுகளும் அட்சரம் பிசகாமல் இருக்கின்றன.

அழகுமலை பன்னிரண்டாம் எண். அவனியாபுரத்துக்கும் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, இரண்டு புள்ளி ஒன்று சென்டிமீட்டர் புண். சரியாகச் சம்மணம் போட வராமல், காலை நீட்டிக் காட்டவும் கூச்சப்பட்டுக்கொண்டு, மனைவி முருகம்மாளின் சேலைத் தலைப்பைப் பாதத்தின் மேல் போட்டு மூடியிருந்தார்.

"பிரேக்கு அமுக்குற காலு, டாக்டரம்மா," என்றார். "இது போச்சுன்னா வண்டிய வித்துட்டு வீட்டுல குத்தவைக்க வேண்டியதுதான். எம்புட்டு நாளானாலும் வாரேன். காலை மட்டும் காப்பாத்திக் குடுத்துருங்க."

நான் மருத்துவர் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை என்பது உங்கள் குற்றச்சாட்டில் மூன்றாவது. பிஎச்.டி. வாங்கியவளும் டாக்டர்தான், மேடம்.

அது நோன்பு மாதம். அத்தாவுக்காகக் காய்ச்சிய இனிப்பில்லாத கடல்பாசியில் நான்கு துண்டு டப்பாவில் கொண்டு வந்திருந்தேன். முருகம்மாளிடம் கொடுத்து, "இதுதான், நாங்க நோன்புக்குச் சாப்பிடுறது. இதைத்தான் காலுல வைக்கப் போறோம்" என்றேன். அந்த அம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுவிட்டுப் புருஷனுக்கும் ஊட்டிவிட்டார்.

"கடப்பாசியா! அது நல்ல குளிர்ச்சியாச்சேம்மா. இவுக உடம்பு கொதிக்கிற உடம்பு. இது கேக்கும்."

அழகுமலை படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் கடல்பாசி ஜெல் கட்டு என்று இருந்தது. இரண்டு வகை இருக்கிறது என்று இல்லை. இரண்டு வகை என்று எழுதினால் எது நல்லது என்று கேட்பார்கள். நல்லதைக் கொடுங்கள் என்பார்கள். பிறகு கன்ட்ரோலுக்கு நான் எங்கே போவது?

அவர் பேரீச்சம்பழ டப்பாவில் கைவிட்டு ஒரு சீட்டு எடுத்தார். கழுவாதது.

கழுவாத ஜெல் வைத்த மற்ற ஒன்பது பேருக்கும் நான் எதிர்பார்த்த மாதிரியே நடந்தது. இரண்டாம் வாரம் சிவப்பு, மூன்றாம் வாரம் வீக்கம், நான்காம் வாரம் புண்ணின் விளிம்பு கருத்தது. மூன்று பேருக்கு விரல் எடுத்தார்கள். ஏழாம் எண் சீனியம்மாள், செல்லூர்க்காரர், காய்ச்சல் கண்டு ஆறாம் வாரம் இறந்தார். அவருக்கு வயது எழுபத்திரண்டு, இதயமும் பலவீனம், ஆகவே அதை ஜெல்லின் கணக்கில் எழுதுவதா வேண்டாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். நேர்மையாக, கேள்விக்குறி போட்டு வைத்தேன். நீங்கள் அந்தக் கேள்விக்குறியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறீர்கள்.

அழகுமலை மட்டும் அடங்கவில்லை. முதல் வாரம் இரண்டு புள்ளி ஒன்று. இரண்டாம் வாரம் ஒன்று புள்ளி எட்டு. மூன்றாம் வாரம் ஒன்று புள்ளி நான்கு. அடியில் இளஞ்சிவப்பாக நல்ல சதை ஏறிக்கொண்டிருந்தது. என் வரைபடத்தில் ஒன்பது கோடும் ஒரு பக்கம் போக, இவருடைய கோடு மட்டும் ஏறுமாறாக வேறு பக்கம் போனது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. வீட்டில் ஏதோ வைக்கிறார் என்று நினைத்தேன்.

"மஞ்சள் வச்சீங்களா? எண்ணெய் போட்டீங்களா?"

"இல்ல டாக்டரம்மா, சத்தியமா. நீங்க வச்சதுதான். நல்லாத்தான ஆறுது?" என்று காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான்காம் வாரம் ஒன்றுக்கு வந்துவிட்டது.

அன்று அவர் பின்னாலேயே கட்டுப்போடும் அறைக்குப் போனேன். நான் ஜெல்லை வைத்து, சீட்டில் வந்ததை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து அனுப்புவேன், அங்கே சிஸ்டர் மேலே துணி சுற்றிக் கட்டுவார். திங்களும் வியாழனும் காலையில் அங்கே இருந்தவர் முத்துமீனா, வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாதவர். என் ஆட்களில் அந்த நேரத்துக்கு வருகிறவர் அழகுமலை ஒருவர்தான். முத்துமீனா அட்டையைப் பார்த்தார். பிறகு நான் வைத்த ஜெல்லை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் வழித்து எடுத்துவிட்டு, சலைன் பாட்டிலைச் சாய்த்துப் புண்ணைக் கழுவ ஆரம்பித்தார்.

"என்ன செய்றீங்க?"

"நீங்கதான மேடம் அட்டையில எழுதியிருக்கீங்க, கழுவாததுன்னு. புண்ணைக் கழுவாமலே அனுப்பியிருக்காகளேன்னு நான் ஒவ்வொரு தடவையும் நல்லா கழுவி விடுறேன். கழுவுறப்ப உங்க மருந்தும் போயிருது, அதான் வெறும் கட்டு போட்டு விட்டேன். தப்பா மேடம்?"

ஏ, பி என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று தமிழில் எழுதினேன். இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த தவறு என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

நான் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. முத்துமீனாவே அதற்குச் சாட்சி சொல்வார். பேனாவை எடுத்து அட்டையில் இருந்த சொல்லை அடித்துவிட்டு, கழுவக் கூடாது என்று எழுதினேன்.

"ஏன் மேடம்? நல்லா ஆறிட்டு வருதே," என்றார் அந்தப் பெண்.

"ஜெல்லை வேலை செய்ய விடணும், சிஸ்டர்."

அன்றிலிருந்து அழகுமலைக்குக் கட்டுவதையும் நானே பார்த்துக்கொண்டேன். நான்கு வாரம் வீணாகிவிட்டதால் அதை ஈடுகட்ட வாரம் இரண்டு தடவைக்குப் பதில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னேன். அவரும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார். தன் மேல் எனக்குத் தனி அக்கறை என்று மற்ற நோயாளிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு தடவை என் அத்தாவை வீடு வரை ஆட்டோவில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஐந்தாம் வாரம் ஒன்று புள்ளி ஆறு. ஆறாம் வாரம் இரண்டு புள்ளி ஏழு. கோடு மற்ற ஒன்பது கோட்டோடு வந்து சேர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

"கால் காந்துது, டாக்டரம்மா. ராத்திரி போர்வை பட்டாக்கூடத் தாங்கல."

"உடம்பு எதிர்த்து வேலை செய்யுது. நல்ல அறிகுறிதான்," என்றேன். எதிர்ப்புச் செல்கள் வேலை செய்தன என்பது பொய் இல்லை.

முருகம்மாள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார். "குளிர்ச்சியின்னீங்களேம்மா. இம்புட்டுச் சூடா இருக்கே." குளிர்ச்சி என்று சொன்னது நான் இல்லை, அந்த அம்மாள்தான். அதை அப்போது சொல்லிக் காட்டவில்லை.

எட்டாம் வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிரேக்கை அமுக்கக் கால் வராமல் அவனியாபுரம் வளைவில் வண்டியை ஒரு சுவரில் சாய்த்து நிறுத்தினாராம். ஒன்பதாம் வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். அளக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் போனேன். முருகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழகுமலை எழுந்து உட்கார முயன்றார்.

"உங்க மருந்தக் குத்தம் சொல்ல மாட்டேன், டாக்டரம்மா. எல்லாருக்கும் கேக்குது. என் உடம்புதான் ஒத்துக்கல. நீங்க அம்புட்டுப் பாடுபட்டீங்க."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கைகூப்பினார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தலையணையைச் சரிசெய்து படுக்க வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கல் இல்லை.

அந்த வாரம்தான் முத்துமீனா என் மேஜையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஆனால் பிரதி எடுக்காமல் ஒரே நோட்டைத் தூக்கிக் கொடுத்தது பொறுப்பில்லாத வேலை. பன்னிரண்டாம் வார அளவு இன்னும் ஏழு பேருக்கு எடுக்கவே இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். ரூபினா ஆகிய நான், பத்துப் பேருக்குக் கழுவாத ஜெல்லை என் கையால் வைத்தேன். அவர்களிடம் சொல்லவில்லை. அழகுமலைக்கு ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் கழுவக் கூடாது என்று நானே எழுதினேன். ஆனால் அதனால் கெடுதல்தான் வரும் என்று முன்கூட்டி எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சந்தேகம் இருந்தது, நிச்சயம் இல்லை. யாரையும் நான் தேர்ந்தெடுக்கவும் இல்லை. எல்லாம் சீட்டு.

இனி பதினொன்றாம் எண். அது என் அத்தா.

அவருக்கு இடது கால் சுண்டுவிரலில் புண். அழகுமலை வந்த அதே நாள், அவருக்கு முன்னால் அறைக்குள் வந்தவர் அத்தாதான். மற்ற எல்லோரையும் போல அவரும் டப்பாவில் கைவிட்டு ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். கழுவாதது.

நான் அதை மறுபடி மடித்து டப்பாவில் மேலாகப் போட்டேன்.

"இன்னொண்ணு எடுங்க, அத்தா."

"ஏன் பிள்ள?"

"அது சரியா மடிக்கல."

அடியில் துழாவி இன்னொன்று எடுத்தார். கழுவினது. அவருக்கு ஒன்பது நாள் அலசிய ஜெல்லை வைத்துக் கட்டி, கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு வந்தேன். பிறகு அழகுமலை உள்ளே வந்தார். இரண்டு தடவை மடித்த சீட்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் உப்பலாக, தனியாகத் தெரியும். அவர் கை அதற்கு மேலே போனபோது எனக்குத் தெரிந்தது. நான் கடல்பாசி டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன்.

அத்தாவின் விரல் ஐந்தே வாரத்தில் மூடிவிட்டது. இருபது பேரில் அதுதான் மிகச் சிறந்த முடிவு. ஆனாலும் அது முறைப்படி எடுத்த சீட்டு இல்லை என்பதால், நானே சிவப்பு மையில் அடித்து அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது, மேடம்.